தத்தன் செய்த வீரம்

கார்த்திகை உத்திரம் மெய்ப்பொருள் நாயனாரது திருநாள். அதனை யொட்டி வெள்ளிமலை அன்பர் சிலர் அழைக்க, அந்நாயனார் புராணத்தைப் பேசுதற்பொருட்டு யான் கல்வராயன் மலைக்குச் சென்றிருந்தேன். கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைக் கடந்து மலையேறல் வேண்டும். கயிலைக்கு வெள்ளிமலை யென்பது பழம்பெயராதலின், அப்பெயர் தாங்கிய ஓரூரிற் சைவம் பேசும் பேறு வாய்த்ததெனச் சிறிது இறுமாந்தே ஏறினேன். இறங்கும்பொழுது அவ்விறுமாப்பு என்பால் இல்லை. அதற்குக் காரணமாயினார் மலைவாழ் குடியிற் பிறந்து கீழ்நாட்டுக் கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர்.

யான் பேசி முடித்தபின் அவர் எழுந்து வினாவியது இது: “ஐயா, பகைவன் தனியனாய் அரண்மனையுட் புகுந்து அரசன் பள்ளியறைவரை சென்றான். அதுவும் துணிவே. அரசரோ வாளெடாமல் மாய்ந்தார். அவரை வென்றவர் என்கின்றீர்கள். கொலைஞனைக் கொல்லாமல், ஊரார் கையினும் படாமல் கொண்டுசென்று விட்டுவந்த வாயிற்காவலனைப் பற்றி நீங்கள் இரண்டு வாக்கியமே சொன்னீர்கள். மூவருள் வீரன் யார்?”

“தம்பி, அடியார் வேடத்தின் பெருமையே இப்புராணத்தின் கருத்து, வீரம் பற்றிய ஆராய்ச்சிக்கு இங்கு இடமில்லை” என்று, மடத்திற் பாடங்கேட்ட நாளில் எமக்குச் சொல்லப்பட்ட விடையையே யானும் சொல்லி அமைந்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை, வணங்கி அமர்ந்தார். ஆனால் விடை வினாவிற்கு ஏலாதது என்பதை அவர் முகமே காட்டிற்று. முப்பது ஆண்டுகளாக யான் இப்புராணத்தைச் சொல்லி வருகின்றேன். முத்தநாதனை இகழ்வதிற் கால்மணிப்பொழுது போக்குவேன். அவையும் அதனை விரும்பும். தத்தனுக்கு இரண்டு வாக்கியம் என்பது மெய். ஆதலின் நூலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

முதற்கண் அந்நாட்டின் இயல்பைக் கருதுதல் தகும். 2019ஆம் ஆண்டிற் கள்ளக்குறிச்சி தனிமாவட்ட மானபின் வெள்ளிமலையும் திருக்கோவலூரும் ஒரே மாவட்டத்தின்பாற் பட்டன. பண்டும் அந்நிலம் மலையமான்களது நாடு. மலாடு என்பது அதன் பெயர். சேக்கிழாரும் மெய்ப்பொருளாரை மலாடர் கோமான் என்றே அறிமுகஞ் செய்கின்றார். மலையமான்களுள் பெரும்புகழ் பெற்ற திருமுடிக்காரி கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைக் கொன்று, அம்மலையைச் சேரனுக்கு அளித்தான் என்பது அகநானூற்றாற் பெறப்படுவது. மறச்செயலும் அதனால் வரும் புகழும் அந்நிலத்திற்குப் புதியன அல்ல.

ஆயினும் பழம்புலவர் அப்புகழை எங்ஙனம் நிறுத்தனர் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஓரி எய்த ஓரம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி, உடும்பு என்று பலவற்றையும் ஊடுருவிச் சென்றதனை வன்பரணர் புறநானூற்றிற் பாடினார். இக்காலத்தார் அவ்விற்றிறத்தையே எடுத்து மொழிவர். அப்பாட்டின் உயிர்நிலை பிறிதோரிடத்தில் உளது. வேட்டுவன் யாரென்று அறியாத பாணர் கூட்டம் பாடிப் புகழ்ந்தபொழுது, அச்சொல் தன்னையே சுட்டக்கேட்ட ஓரி நாணினான். நாணித் தன் மலைப்பொருளை வாரி வழங்கினான். அம்பைப் பாடிய புலவர் அந்நாணத்தையும் விடாது பாடினார். அதுவின்றேல் அஃது ஒரு வேட்டைக் கதையாய் முடியும்.

காரியைப் பற்றிய செய்தி இன்னும் வியப்புடைத்து. ஓரியைக் கொன்றபின் அவனது பெருந்தெருவிற் காரி புகுந்தான். அப்பொழுது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் எடுத்தாள்கின்றார். எதற்கு? ஒரு பரத்தை தெருவிற் சென்றதனால் ஊரில் எழுந்த அலருக்கு உவமையாக! காரியின் பால் பேரன்பு பூண்டவர் கபிலர். அவரே அவன் பெருவெற்றியை ஊர்ப்பேச்சின் ஓசைக்கு ஒப்பாக்கினார். ஆனால் காரியின் கொடையைப் பாடுமிடத்து அவர் குரல் வேறாகின்றது. கள்ளுண்டு மகிழ்ந்திருக்கையில் தேர் கொடுத்தல் எவர்க்கும் எளிது. மயக்கமின்றிக் காரி கொடுத்த தேர்கள் முள்ளூர் மலையிற் பெய்த மழைத்துளியினும் பல என்பது அவர் கருத்து. கொடைக்குச் சொன்ன இவ்வளவுகோல் வீரத்திற்கும் ஒக்கும் என்பேன். சினமும் ஒரு கள்ளே. அதன் மயக்கிற் செய்யும் துணிகரச்செயல் எளிது.

இனி, உதவி நின்றாரை மறத்தல் இந்நிலத்து மரபன்று என்பதற்கும் ஒரு சான்றுண்டு. செங்கம் பக்கத்து நடுகற்களுள் எடத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனது முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கப் பொருது வீழ்ந்த ஒருவனுக்கு நாட்டியது. அவன் உருவின் அருகில் ஒரு நாயின் உருவும் உளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் தனியே வெட்டப்பட்டுள்ளது. நாய்க்கும் பெயர் பொறித்த நாடு அது. இன்று அப்பக்கத்தில் நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்னும் பொதுப்பெயரால் வழிபடுகின்றனர். மாண்டவன் தன் பெயர் மறைந்தது, வழிபாடு நிற்கின்றது. புகழ் ஒருவனைச் சேரும் வழிகள் இத்தகையன.

இனிப் புராணத்திற்கு வருவோம். திருத்தொண்டத்தொகையிற் சுந்தரர் இந்நாயனாரை வெல்லுதலில் மிக வல்லவர் என்னும் பொருள்பட வணங்கினார். பகைவன் கத்திக்கு இரையான ஒருவர்க்கு இவ்வடைமொழி எங்ஙனம் பொருந்தும் என்பதே இங்குள்ள முதன்மையான சிக்கல். அவர் முன்னைய போர்களில் முத்தநாதனைப் பன்முறை வென்றதனை இது குறிக்கும் என்று சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்வாரும் உளர். ஆனால் சேக்கிழார் அதனை ஏற்றிலர் என்பது அவரது நூலமைப்பாலேயே விளங்கும். இருபத்து நான்கு செய்யுள் கொண்ட இப்புராணத்திற் போர்ச்செய்தி ஓரிரு செய்யுளில் முடிந்துவிடுகின்றது. யானையும் குதிரையும் இழந்து பகைவன் தோற்றான் என்பதோடு சரி. வென்றார் என்னும் வினைமுற்றை அவர் வைத்த இடம் வேறு. கத்தி பாய்ந்த அச்செய்யுளில், திருவேடத்தையே மெய்ப்பொருள் எனத் தொழுத அக்கணத்தில், அச்சொல்லை அமைக்கின்றார். சுந்தரர் அடைமொழிக்கு இதுவே அவர் வரைந்த உரை.

முத்தநாதனது துணிவு துணிவன்றோ என்னும் வினாவிற்கும் இங்கு விடையுண்டு. போர்க்களத்திற் பன்முறை தோற்றவன் நீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டினுள் ஆயுதம் மறைத்துப் புகுந்தான். சேக்கிழார் அவனை உள்ளே கருமையை வைத்த விளக்கிற்கு ஒப்பிட்டார். அச்சமின்மை அவனிடம் இருந்தது. அதனை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவன் செயல் எந்நம்பிக்கையை முதலாகக் கொண்டது? நீற்றைக் கண்டால் இவ்வரசர் வாளெடார் என்னும் உறுதியையே. பிறர் நன்மையை முதலாக வைத்து ஈட்டிய துணிவிற்குப் புகழ் சேராது. கத்தியை மறைத்த அக்கட்டினுள் யாண்டும் காணாத சிவாகமம் ஒன்று உளதென அவன் சொன்னான் என்பது, நூலோடு வாழ்ந்த என்போல்வார்க்குச் சிறிது கூடுதலாகவே சுடும்.

இனித் தத்தன். கடைவாயிலில் நின்று, அரசர் துயில்கின்றார், சமயமறிந்து செல்க என்று தடுத்துச் சொன்னவன் அவனே. வந்தவன் தடையைக் கடந்து உட்சென்றான். அவன் புகுந்த பொழுதே தத்தன் தன் மனத்தை அங்கு வைத்திருந்தான் என்று சேக்கிழார் ஒரு தொடர் சேர்க்கின்றார். யான் முப்பது ஆண்டுகள் விரைந்து கடந்த தொடர் இது. தத்தன் ஐயுற்றான், ஆயினும் நீறணிந்த மேனியைக் கைதொட்டுத் தடுக்க இயலாது நின்றான். தான் விட்டவனே தன் அரசரைக் குத்தினான். அந்நொடியிற் பாய்ந்து வாளோங்கிய காவலனது உள்ளம் எத்தகையதாய் இருந்திருக்கும்! பழி முழுதும் அவன் தலைமேலது. அதனைத் துடைத்துக்கொள்ள அவனுக்கு இருந்தது ஒரே வெட்டு. வெட்டியிருப்பின் ஊரெலாம் அவனை வீரன் என்று போற்றியிருக்கும், நடுகல்லும் நாட்டியிருக்கும். வீழ்கின்ற அரசர் கைநீட்டித் தடுத்து, இவர் நம்மவர் என்றார். ஓங்கிய வாள் நின்றது.

அஃதோடு முடிந்ததா? இவரை ஒருவரும் இடையூறு செய்யாமற் கொண்டுபோய் விடு என்பது கட்டளை. செய்தி நகரிற் பரவிற்று. மக்கள் கொலைஞனைக் கொல்லச் சூழ்ந்தனர். தத்தன் அவர்களைத் தடுத்து, அரசர் ஆணை இது என்று ஒவ்வொரு கூட்டத்திற்கும் சொல்லிச் சொல்லி நடந்தான். அன்று கோவலூர்த் தெருவில் மக்கள் எவரை வெறுத்திருப்பர்? முத்தநாதனை மட்டுமோ? அவனுக்குக் கேடயமாய் நடந்த காவலனையும் ஐயுற்று இகழ்ந்திருப்பர் என்பது என் ஊகம். நூல் அதனைச் சொல்லவில்லை. நகர் கடந்து, ஊறு நேராத இடத்தில் அவனை விட்டுவிட்டு விரைந்து மீண்டான். புகழ் வரும் செயலைக் கைவிட்டு, பழி வரும் செயலை மேற்கொண்டு, அதனையும் குறையறச் செய்து முடித்தவன் அவன்.

இவனைச் சேக்கிழார் மறந்தாரா? மறந்திலர் என்பது இம்முறை கற்றபொழுதே எனக்குப் புலனாயிற்று. அரசர் உயிரைத் தாங்கிக்கொண்டு தத்தன் வரவையே நோக்கியிருந்தார். அவன் வந்து, இடையூறின்றி விட்டுவந்தேன் என்றபொழுது, அவர் தம் வாயிற்காவலனை ஐயன் என்னும் உயர்சொல்லாற் சுட்டி, இன்று எனக்குச் செய்த இதனைச் செய்ய வல்லார் யாவர் என்று பாராட்டுகின்றார். இங்கு வந்த “வல்லார்” என்னும் சொல்லைக் காண்க. தொகையிற் சுந்தரர் மெய்ப்பொருளாரைச் சுட்டிய சொல் “வல்ல” என்பது. தம் ஆசிரியர் நாயனாருக்குச் சூட்டிய அச்சொல்லைச் சேக்கிழார் நாயனாரது வாயிலிருந்தே தத்தனுக்கு எடுத்தளிக்கின்றார். இது தற்செயல் என்று கொள்ள எனக்கு மனமில்லை. ஒரு சொல்லையும் வீணே இடாத புலவர் அவர். அரசுரிமைக்கு உரியோரை நோக்கித் திருநீற்றன்பைக் காக்குமாறு அரசர் கூறுவதும் இதற்குப் பின்னரே வைக்கப்பட்டது. அரசினும் முன்னர்க் காவலனுக்கு நன்றி கூறப்பட்டது.

இதனோடு ஏனாதிநாதர் புராணத்தை ஒப்பிட்டு நோக்கினாற் கருத்து மேலும் தெளியும். வாட்படை பயிற்றிய அவரை நேர்நின்று வெல்லலாகாத அதிசூரன், நெற்றியில் நீறிட்டு, கேடகத்தால் அதனை மறைத்து வந்து, போரிற் பொருந்திய அளவிற் காட்டினான். நீற்றைக் கண்ட அவர் போரை விட்டார். ஆனால் வாளையும் பலகையையும் கீழே போடவில்லை. படையில்லாரைக் கொன்றான் என்னும் பழி அவனைச் சாரலாகாது என்பதற்காகப் போர்செய்வார் போல நின்றார். தம்மைக் கொல்வானது பெயரைத் தம் உயிர்விடும் நொடியிற் காத்தார். வீரத்தாற் பெயர் தேடுவார் உலகிற் பலர். பகைவனது பெயரைக் காக்கும் வீரத்தை எந்தத் துறையுள் அடக்குவது? வெட்சி முதலிய திணைகளுள் இதற்கு இடங்காணுதல் அரிது.

அரசன் கடமை குடிகாத்தலன்றோ, பகைவனுக்கு மார்பு காட்டுதல் முறையோ என்று வினவுவார் உளர். அரசியல் நூல்வழி நின்று அவ்வாறு சொல்வாரோடு யான் வாதிடேன். அவ்வழக்கில் அவர் பக்கம் வலியதே. வேடத்தை அரனெனத் தொழுக என்று விதிக்கும் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாம் சூத்திரமும் அன்பு நிறைந்தாரது வேடத்தையே கூறுகின்றது. முத்தநாதனை அஃது அடியாராக்காது. நாயனார் தொழுதது அவனையன்று, அவன்மேற் கிடந்த நீற்றை என்றே கொள்ளல் வேண்டும். திருக்கோவலூர் அட்ட வீரட்டங்களுள் ஒன்று. அந்தகாசுரனை இறைவன் அழித்த தலம். அந்தகன் என்னும் சொற்குக் குருடன் என்பது பொருள். முப்புரத்தை மும்மலச் செயலாகத் திருமூலர் காட்டிய நெறியில் நோக்கினால், அங்கு அழிந்தது ஒருவன் உடல் மட்டுமன்று. வீரட்டத்து மன்னர் அவ்வீரத்தையே கற்றார்.

வெள்ளிமலை இளைஞர்க்கு இவற்றையெல்லாம் கடிதமாக எழுதினேன். அவர் விடை எழுதினார். அதில் நன்றியோடு இன்னொரு வினாவும் இருந்தது. அரசர் சிவனடி சேர்ந்தபின் தத்தன் என்னவானான் என்பது அது. புராணத்தில் அதற்குச் செய்யுளில்லை. அடுத்த நாளும் அவன் அதே வாயிலில், நீறணிந்து வருவார் எவரையும் தடுக்காது வழிவிட்டு நின்றிருப்பான் என்றே யான் நினைக்கின்றேன்.