எண்ணப்படாத எச்சம்: 'ஆட்டோமேஷன்' கணினி விளையாட்டில் எஞ்சின் வடிவமைப்பு

முன்னுரை

கணினி விளையாட்டைத் திறனாய்வுக்குரிய ஆக்கமாக ஏற்பதில் நம் துறையினரிடையே இன்னும் தயக்கம் உண்டு. கதையுடைய விளையாட்டாயின் அதனைப் புனைகதையோடு ஒப்பிட்டேனும் பேசிவிடலாம். கதையே இன்றி, எண்களும் பொறியுறுப்புகளும் மட்டுமே கொண்ட விளையாட்டை எவ்வாறு மதிப்பிடுவது? இவ்வினாவை முன்வைத்து, இக்கட்டுரை அத்தகைய விளையாட்டு ஒன்றை ஆராய முற்படுகிறது.

காம்ஷாஃப்ட் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய 'ஆட்டோமேஷன்' 2015 ஆம் ஆண்டில் ஸ்டீம் தளத்தின்வழி முன்வெளியீடாக விற்பனைக்கு வந்தது. விளையாடுபவர் கார் நிறுவனம் ஒன்றின் பொறியாளராகவும் முதலாளியாகவும் இருந்து, காரையும் அதன் எஞ்சினையும் தாமே வடிவமைக்க வேண்டும். எஞ்சினை வடிவமைக்கும் பகுதியே இவ்விளையாட்டின் உயிர்நாடி எனலாம். அப்பகுதி எவற்றைச் செலவாகக் கணக்கிடுகிறது, எவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறது என்பதே ஈண்டு நம் கருத்தைக் கவர்கிறது.

எஞ்சினின் இலக்கணம்

இவ்விளையாட்டில் எஞ்சின் ஒன்றை உருவாக்குவது, ஒன்றன்பின் ஒன்றாக முடிவுகளை எடுப்பதாகும். சிலிண்டர்கள் எத்தனை, அவை நேர்வரிசையில் அமைவனவா 'வி' வடிவில் அமைவனவா என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். பின்னர் சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தொலைவும் குறிக்கப்படும். அடுத்து, அச்சுத்தொகுதி வார்ப்பிரும்பாலானதா அலுமினியத்தாலானதா, வால்வுகள் எவ்வாறு இயங்கும், எரிபொருளைக் கார்புரேட்டர் கலக்குமா ஊசித்துளை பீய்ச்சுமா, டர்போ வேண்டுமா என வினாக்கள் நீளும். ஓர் எஞ்சின் குடும்பத்திற்கெனக் குறித்த விட்டத்தின் மேல்வரம்பை அக்குடும்பத்தில் பின்னர் வரும் எவ்வகையும் மீற இயலாது. முன்னர்ச் செய்த முடிவு பின்னர்ச் செய்வனவற்றைக் கட்டுப்படுத்தும் இம்முறையையே நாம் எஞ்சினின் இலக்கணம் என்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தொலைவு 86 மில்லிமீட்டர் எனக் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 1998 கன சென்டிமீட்டர். அது நிமிடத்திற்கு 6000 சுற்றுச் சுழலும்போது பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.2 மீட்டர். விட்டத்தை மாற்றாமல் தொலைவை மட்டும் 75 மில்லிமீட்டராகக் குறைத்தால் பிஸ்டனின் வேகம் 15 மீட்டராகத் தணியும். எஞ்சினை மேலும் விரைவாகச் சுழற்ற இடம் கிடைக்கும். ஆனால் கொள்ளளவு ஏறத்தாழ 1743 கன சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டியுள்ளது.

இவ்வுறவை விளையாட்டு பாடமாக எடுத்துரைப்பதில்லை. விளையாடுபவர் அளவை மாற்றியதும், எஞ்சினின் திருப்புவிசையையும் ஆற்றலையும் காட்டும் வளைகோடுகள் மாறுகின்றன. தாங்கும் எல்லையைக் கடந்த உறுப்பு எச்சரிக்கையோடு தோன்றுகிறது. தவற்றின் காரணத்தை விளையாடுபவரே தேடிக் கண்டறிய வேண்டும். கற்பித்தல் நோக்கில் இது பாராட்டத்தக்கது. காரண காரிய உறவை மனப்பாடமாக அன்றிப் பட்டறிவாகப் பெறச்செய்யும் ஆக்கங்கள் மிகுதியாக இல்லை.

கணக்கில் உள்ளவை

இவ்வெஞ்சின் இலக்கணத்தின் நுட்பம் அழுத்த விகிதத்தில் நன்கு புலப்படுகிறது. பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதே அழுத்த விகிதம். இலட்சிய நிலையில், இவ்விகிதத்தை 8 இலிருந்து 10 ஆக உயர்த்தினால் வெப்பம் வேலையாக மாறும் பங்கு 56.5 விழுக்காட்டிலிருந்து 60.2 விழுக்காடாக உயரும் என்று கோட்பாடு கூறும். நடைமுறை எஞ்சின் இதனினும் மிகக் குறைவாகவே பெறும். எனினும் உயரும் திசை ஒன்றே.

அவ்வாறாயின் விகிதத்தை வரம்பின்றி உயர்த்தலாகாதா? ஆகாது. நெருக்கப்பட்ட கலவையின் ஒரு பகுதி, தீச்சுடர் வந்து சேருமுன் தானே வெடிக்கும். 'நாக்கிங்' என்று பட்டறையில் கூறப்படும் இத்தட்டல் பிஸ்டனைச் சிதைக்கவல்லது. விளையாட்டில் இதனைத் தவிர்க்கும் வழிகள் சில உள. தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளலாம், ஆற்றல் குறையும். காற்று 14.7 பங்கிற்குப் பெட்ரோல் ஒரு பங்கு என்னும் முழுமையான விகிதத்தை விட்டுப் பெட்ரோலை மிகுவிக்கலாம், எரிபொருள் வீணாகும். இவ்விரண்டும் வேண்டாமெனில் ஆக்டேன் எண் உயர்ந்த பெட்ரோலைத் தேர்ந்தெடுக்கலாம். மலேசிய எண்ணெய் நிலையங்களில் 95, 97 என நாம் நாள்தோறும் காண்பவை இவ்வெண்களே. தட்டலை எதிர்க்கும் ஆற்றலையே இவை குறிக்கின்றன.

இவை ஒவ்வொன்றிற்கும் விளையாட்டு விலை குறிக்கிறது. பொருட்செலவு, உழைப்பு நேரம், பொறியியல் காலம், நம்பகம், எரிபொருள் சிக்கனம் அனைத்தும் எண்களாக நிற்கின்றன. இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதே விளையாட்டின் அறம் எனத் தோன்றும். ஆயினும் ஒரு தேர்வு மட்டும் நம்மை நிறுத்துகிறது. அது ஈயம் கலந்த பெட்ரோல்.

ஈயத்தின் வரலாறு

பெட்ரோலுடன் டெட்ரா எத்தில் ஈயத்தைச் சிறிதளவு சேர்த்தால் தட்டல் அடங்கும் என்பதை, ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி 1921 ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1923 இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் அப்பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் 'எத்தில்'. ஈயம் என்னும் சொல்லே அப்பெயரில் இல்லை என்பது மொழித்துறையினராகிய நாம் கருதத்தக்கது. அடுத்த ஆண்டே, அதாவது 1924 அக்டோபரில், நியூ ஜெர்சியிலிருந்த பேவே ஆலையில் இந்த ஈயச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் நஞ்சேறி, சித்தம் கலங்கி இறந்தனர். ஆயினும் விற்பனை நிலையாக நிறுத்தப்படவில்லை.

பூமியின் வயதைக் கணித்த நிலவேதியியலறிஞர் கிளேர் பேட்டர்சன், மனிதரின் உடலிலும் சூழலிலும் இயற்கையை மிஞ்சிய ஈயம் சேர்ந்துள்ளதை 1965 இல் விரிவாக எடுத்துக்காட்டினார். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. சிங்கப்பூர் 1998 ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோலை விலக்கியது. அல்ஜீரியா 2021 இல் அதனை நிறுத்தியபோதுதான் உலகில் எங்கும் சாலை வாகனங்களுக்கு அப்பெட்ரோல் விற்கப்படாத நிலை ஏற்பட்டது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கடந்திருந்தது.

இவ்விலக்கலுக்கு அமெரிக்காவில் இரு காரணங்கள் இருந்தன. 1975 ஆம் ஆண்டுக் கார்களில் பொருத்தப்பட்ட வினையூக்கி மாற்றியை ஈயம் செயலிழக்கச் செய்யும் என்பது ஒன்று. மக்களின் உடல்நலத்தைக் கருதிப் பெட்ரோலில் ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1973 இல் வகுத்த விதி மற்றொன்று.

விளையாட்டு விட்டுச்செல்லும் எச்சம்

ஆட்டோமேஷன் இவற்றுள் முதற்காரணத்தை நன்கு அறிந்திருக்கிறது. ஈயப் பெட்ரோலும் வினையூக்கி மாற்றியும் ஒன்றற்கொன்று ஒவ்வா என்பது அதன் கணக்கில் உண்டு. புகை வெளியேற்ற விதிகளும் காலப்போக்கில் கடுமையாகின்றன. ஆனால் இரண்டாம் காரணம் அங்கு இல்லை. விதி வரும்வரை புகைக்கு விலையில்லை. விதி வந்தபின்னும் அது விற்பனைக்குத் தடையாகவே தோன்றுகிறது. தீங்கு என்பது சட்டமாக உருமாறிய பின்னரே இவ்வுலகில் இருப்புப் பெறுகிறது.

தொல்காப்பியர் செய்யுளுக்குரிய முப்பத்து நான்கு உறுப்புகளுள் 'எச்சம்' என்பதனையும் ஒன்றாக வைத்தார். செய்யுளில் கூறப்படாமல் நின்று, சொல்லாலோ குறிப்பாலோ கொண்டு முடிக்கப்பெறுவது அது. கூறாதுவிட்டதனையும் ஆக்கத்தின் உறுப்பாகக் காணும் இப்பார்வை, எண்களாலான ஆக்கத்தை ஆராயவும் நமக்குத் துணைநிற்கிறது. எனினும் ஒரு வேறுபாட்டைச் சுட்ட வேண்டும். செய்யுளின் எச்சத்தைப் படிப்போர் நிரப்புவதற்கு உரிய குறிப்பைப் புலவர் தருகிறார். இவ்விளையாட்டில் அத்தகைய குறிப்பு இல்லை. எனவே இங்குள்ள எச்சம், புகைக்குழாய் வழியே வெளியேறிப் பிறர் மூச்சில் கலக்கும் எச்சமாகவே நின்றுவிடுகிறது.

பொறியியல் விளையாட்டிடம் குழந்தைகளின் குருதியைப் பற்றிக் கேட்பது முறையா என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. பொறியியல் எல்லைக்குள் மட்டுமே அது நின்றிருப்பின் நாமும் கேட்கமாட்டோம். ஆனால் இவ்விளையாட்டு காரின் வசதியை அளக்கிறது, பாதுகாப்பை அளக்கிறது, காரை வைத்திருப்போர்க்குக் கிட்டும் மதிப்பையும்கூட அளந்து எண்ணாகத் தருகிறது. காருக்குள் அமர்ந்திருப்பவரின் பெருமிதத்தை அளக்கவல்ல கணக்கு, அதே சாலையோரத்தில் நடந்து செல்பவரை அளக்காமல் விட்டது இயலாமையால் அன்று, தெரிவினால் நேர்ந்தது. தெரிவு உள்ள இடத்தில் திறனாய்வுக்கும் இடமுண்டு.

இக்குறையை இவ்விளையாட்டின் தனிக்குறையாக நாம் கருதவில்லை. ஈயப் பெட்ரோலைப் பல பத்தாண்டுகள் விற்ற உலகமும் இவ்வாறே கணக்கிட்டது. வளைகோட்டில் ஆற்றல் தெரிந்தது, தட்டல் அடங்கியது, செலவு குறைந்தது. கணக்கு சரியாகவே இருந்தது; அதில் சேர்க்கப்படாதவர்களே துன்புற்றனர். அவ்வகையில் ஆட்டோமேஷன், தான் எண்ணாமலேயே, தன் காலப்பகுதியை உள்ளவாறு காட்டுகிறது எனலாம்.

முடிவுரை

ஆட்டோமேஷனின் எஞ்சின் வடிவமைப்புப் பகுதி நுட்பமும் நேர்மையும் உடையது. ஒவ்வோர் ஆதாயத்திற்கும் ஓர் இழப்பு உண்டு என்பதை எந்தப் பாடநூலினும் தெளிவாக அது உணர்த்துகிறது. அந்நேர்மை எஞ்சினின் உலோகச் சுவரோடு நின்றுவிடுகிறது என்பதே நம் முறையீடு.

நம் மாணவர்கள் பலர் கதைநூல்களினும் மிகுதியான நேரத்தை இத்தகைய ஆக்கங்களோடு செலவிடுகின்றனர். அவற்றை வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதால் பயனில்லை. மாணவர் ஒருவர் தாம் வடிவமைத்த எஞ்சினைப் பெருமையுடன் காட்டும்போது, அதன் ஆற்றல் எவ்வளவு என்று கேட்பதோடு, அக்கணக்கில் யார் சேர்க்கப்படவில்லை என்றும் தமிழாசிரியர் கேட்கலாம். அதற்கு விடையாக ஒரு பக்கக் கட்டுரை எழுதுமாறும் பணிக்கலாம். கூறப்பட்டதைக் கொண்டு கூறப்படாததை உணரும் பயிற்சியைத்தான் இலக்கிய வகுப்பில் நாம் நெடுங்காலமாக அளித்து வருகிறோம். அப்பயிற்சி செய்யுளுக்கு மட்டும் உரியதன்று.