வெறுக்கத் தெரிய வேண்டும்

பக்கத்து ஃப்ளாட் பையன் போன வாரம் ஒரு கடிதத்தோடு வந்தான். "அங்கிள், இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பார்த்துடுங்க. நாளைக்கு டீம் லீடருக்கு அனுப்பணும்."

அம்மாவுக்கு டயாலிசிஸ். ராத்திரி கூட இருக்க ஆளில்லை. இவனுக்கும் ஆறு மாதமாக நைட் ஷிஃப்ட்டில் தூக்கம் கெட்டு, வயிறு கெட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம். பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கிறான். நியாயமான கோரிக்கைதான். ஆனால் முதல் வரி இப்படி இருந்தது: 'ஐ ஆம் அப்ஹாரிங் டு வொர்க் இன் நைட் ஷிஃப்ட்.'

"இந்த வார்த்தையை எங்கேப்பா பிடிச்சே?"

பையிலிருந்து ஓர் ஆங்கிலக் கையேட்டை எடுத்துக் காட்டினான். பெயர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்குகிற ரகம். ஒரு பக்கத்தில் ஹேட், டிடெஸ்ட், லோத், அப்ஹார், டெஸ்பைஸ் என்று ஐந்து வார்த்தைகள். ஐந்துக்கும் எதிரே ஒரே அர்த்தம்: 'வெறு'. எப்போதும் ஹேட் என்றே எழுதாமல் மற்றதையும் மாற்றி மாற்றிப் போட்டால் மேலதிகாரிகள் அசந்துபோவார்களாம். அசந்துதான் போயிருப்பார்.

இந்த மாதிரிப் புத்தகங்களின் அடிப்படைக் கோளாறே இதுதான். வார்த்தைகளை ஒரே விலைக்குக் கிடைக்கும் பல கலர் சட்டைகள் போல அடுக்குகிறார்கள். எதை எங்கே போட்டுக்கொண்டு போவது என்று சொல்வதில்லை.

முதலில் இலக்கணம். ஹேட் என்பதற்குப் பிறகு 'டு' வரலாம், 'இங்' விகுதியும் வரலாம். 'ஐ ஹேட் டு வெயிட்', 'ஐ ஹேட் வெயிட்டிங்' இரண்டும் சரி. டிடெஸ்ட், லோத், அப்ஹார் மூன்றும் அப்படி இல்லை. பின்னால் ஒரு பெயர்ச்சொல் அல்லது 'இங்'. 'டு' போட்டால் தப்பு. அடுத்தது, இவையெல்லாம் மனநிலையைச் சொல்லும் வினைகள். 'ஐ ஆம் அப்ஹாரிங்' என்று நடந்துகொண்டிருக்கும் வேலை மாதிரி எழுதுவதில்லை. 'ஐ ஆம் ஹேட்டிங் எவ்ரி மினிட்' என்று பேச்சில் இப்போது சகஜமாகக் கேட்கலாம். ஆபீஸ் கடிதத்தில் வேண்டாம்.

லோத்தில் ஒரு பொறி உண்டு. கடைசியில் 'ஈ' எழுத்து இருந்தால் அது வினை, அருவருப்பது. 'திஸ்' என்பதில் வரும் ஒலி. 'ஈ' இல்லாவிட்டால் அது பெயரடை, மனமில்லாமல் தயங்குவது. 'திங்க்'கில் வரும் ஒலி. இந்த இரண்டாவதற்குத்தான் பின்னால் 'டு' வரும். இங்கிலீஷ்காரர்களே இதில் அடிக்கடி வழுக்குவார்கள்.

இலக்கணப் பிழையை டீம் லீடர் மன்னித்துவிடுவார். அர்த்தப் பிழையைத்தான் மன்னிக்கமாட்டார். அப்ஹார் லத்தீனிலிருந்து வந்தது. உடம்பு நடுங்கிப் பின்வாங்குவது என்று மூல அர்த்தம். கொடுமை, வன்முறை, இனவெறி போன்ற சமாசாரங்களுக்கு உரிய சொல், அறச்சீற்றம் கலந்தது. ஷிஃப்ட் போட்டுக் கொடுத்தவரிடம் இதை எழுதினால், 'நீ என்னைச் சித்திரவதை செய்கிறாய்' என்கிற மாதிரிதான்.

டிடெஸ்ட்டும் லத்தீன்தான். தெய்வத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுச் சபிப்பது என்பது அதன் பூர்வீகம். நம்மூரில் மண்ணை வாரித் தூற்றுவதற்குப் பக்கத்தில் வரும். டெஸ்பைஸ், மேலிருந்து கீழே பார்ப்பது. மேலதிகாரியை ஹேட் பண்ண எங்கிருந்தும் முடியும். டெஸ்பைஸ் பண்ண, மனசுக்குள்ளாவது அவரைவிட ஒரு படி மேலே ஏறிக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் தமிழில் வார்த்தை இல்லையா என்ன? அருவருப்பு, இகழ்ச்சி, கசப்பு, எரிச்சல், குமட்டல், 'அவனைக் கண்டாலே ஆகாது'... பாட்டிகளைக் கேட்டால் இன்னும் பத்து சொல்வார்கள். கையேடு எழுதியவருக்கு ஒன்றுதான் ஞாபகம் வந்திருக்கிறது. இங்கிலீஷை மட்டுமல்ல, தமிழையும் சேர்த்தே ஏழையாக்கிவிட்டார்.

இதைவிட முக்கியமான ஒன்றும் அதில் இல்லை. நாம் 'எனக்கு உப்புமா பிடிக்காது' என்கிறோம். 'எனக்கு' என்று நாலாம் வேற்றுமை. பிடிக்காமல் போவது நமக்கு நேர்கிறது, தலைவலி மாதிரி. நாம் எதுவும் செய்வதில்லை. இங்கிலீஷில் 'ஐ ஹேட் உப்புமா' என்றால் 'ஐ' எழுவாய். நான் செய்கிறேன், உப்புமா வாங்கிக்கொள்கிறது. தமிழில் ஒரு புகாராக இருப்பது மொழிபெயர்ப்பில் தாக்குதலாகிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'லைக்' என்ற வினைக்கு 'எனக்கு' என்பது போன்ற வேற்றுமைதான். பொருள் எழுவாய், ஆள் 'எனக்கு'. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட அது மிச்சமிருந்தது. 'ஒதெல்லோ' நாலாவது அங்கத்தில், கணவன் சொன்ன அந்தக் கெட்ட வார்த்தையைத் தன் வாயால் சொல்லவே டெஸ்டிமோனாவுக்குக் கூசுகிறது. அங்கே அப்ஹார் வருகிறது, தலைகீழாக. அவள் அந்த வார்த்தையை அப்ஹார் செய்வதில்லை, வார்த்தைதான் அவளை அப்ஹார் செய்கிறது. போதாததற்கு அந்தக் கெட்ட வார்த்தையின் ஒலியே அப்ஹாருக்குள் ஒளிந்திருக்கிறது. நாடகக்காரரின் குறும்பு.

இன்றைய இங்கிலீஷில் இந்த வாசல் முழுசாக மூடிவிடவில்லை. 'அப்ஹாரன்ட் டு மீ' என்று பெயரடையாக்கினால் 'எனக்கு' திரும்பி வந்துவிடும்.

பையனிடம் கேட்டேன், "தமிழ்ல சொல்லு. உனக்கு நைட் ஷிஃப்ட் என்ன?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒத்துக்கலை அங்கிள்" என்றான்.

அவ்வளவுதான். அதற்கு இங்கிலீஷில் அச்சாக ஒரு வாக்கியம் இருக்கிறது: 'நைட் வொர்க் டஸ் நாட் அக்ரீ வித் மீ.' அடுத்த வரியில் அம்மாவின் உடல்நிலை. அதற்கடுத்து, மாற்றித் தர முடியுமா என்று ஒரு 'ப்ளீஸ்'. மொத்தம் ஐந்து வரி. யார்மீதும் வெறுப்பு இல்லை. அவனுக்கு இருந்ததும் வெறுப்பு இல்லை, அசதிதான்.

பதில் இன்னும் வரவில்லை. கையேட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டான். அதை நான் அப்ஹார் செய்கிறேன் என்று சொல்லமாட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை.