உரையாடற் களமும் ஒற்றைச் சாளரமும்

யூஸ்நெட் எனும் கணினி உரையாடற் களத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதனை இறந்துபோன ஒன்றாகவே கருதி இரங்கற்பா பாடுகின்றனர். அஃது இறக்கவில்லை. அதனை அணுகிய வழியே பிழைபட்டது என்பது எம் கருத்து.

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் இதனை எண்ணினர். மறு ஆண்டு, அண்டையிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இயங்கலாயிற்று. இதன் அமைப்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். தலைமைக் கணினி என ஒன்று இதில் இல்லை. ஓரிடத்தில் எழுதிய மடலை அவ்விடத்துக் கணினி, தொலைபேசி வழியே அண்டைக் கணினிக்கு அனுப்பும். அது தன் அண்டைக்கு அனுப்பும். ஒவ்வோரிடத்தும் ஒரு படி தங்கும். படிப்பவர் தம் இடத்துக் கணினியிலேயே, தமக்கு உகந்த மென்பொருளைக் கொண்டு படிப்பார். ஒரு கணினி பழுதுற்றாலும் உரையாடல் நில்லாது.

குறையை மறைத்தலும் தகாது. வாயில் காப்போன் இல்லாத வீட்டில் எவரும் நுழைவர். 1994இல் வழக்கறிஞர் இருவர் தம் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் இட்டு நிரப்பினர். பின்னர்ப் படங்களும் திரைப்படங்களுங்கூட ஏற்றப்பட்டன. எங்கும் ஒரு படி என்பது எழுத்துக்குப் பொருந்தும்; திரைப்படத்துக்குப் பொருந்துமா? பிறந்த வீடாகிய டியூக் பல்கலைக்கழகமே 2010இல் தன் வழங்கியை மூடிவிட்டது.

படிகள் பல இருந்தும் அவை நெடுநாள் நில்லா. இடம் வேண்டிப் பழையனவற்றை அழிப்பதே வழக்கம். 1981 முதல் 1991 வரையிலான மடல்களுள் ஏறத்தாழ இருபது இலட்சம் எஞ்சியது எவ்வாறு? டொராண்டோப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணிபுரிந்த ஹென்றி ஸ்பென்சர் அவற்றை 141 காந்த நாடாக்களில் சேமித்து வைத்தார். அமைப்பின் விதி எதுவும் அதனைக் கோரவில்லை. ஒரு தலைமுறையின் பேச்சு, தனி மனிதர் ஒருவரின் பொறுமையால் பிழைத்தது என்பது வியப்பிற்குரியது மட்டுமன்று, அச்சத்திற்கும் உரியது.

1995இல் தோன்றிய டேஜா நியூஸ் எனும் தொகுப்பை 2001இல் கூகுள் வாங்கியது. அந்த நாடாக்களின் மடல்களையும் சேர்த்தது. பயன் பெரிதே. ஆயினும் பலர் அந்த ஒரு சாளரத்தையே களம் என்று எண்ணலாயினர். 2024 பிப்ரவரி 22 அன்று புதிய மடல்களை ஏற்பதையும் காட்டுவதையும் கூகுள் நிறுத்தியது. மூடப்பட்டது சாளரமே, வேறு வழங்கிகளை அறிந்தோர் தடையின்றித் தொடர்ந்தனர். அறியாதோர்க்கோ எல்லாம் முடிந்ததாகவே தோன்றியது.

படிப்பது எவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். எழுதுவோர் ஏதேனும் ஒரு வழங்கியில் பதிந்துகொள்ள, அவர்தம் செயலுக்கு அவ்வழங்கியை நடத்துவோர் பொறுப்பேற்றல் வேண்டும். பதிவு செய்தோர்க்குக் கட்டணமின்றி எழுத்துக் குழுக்களை மட்டும் அளிக்கும் ‘எட்டர்னல் செப்டம்பர்’ இவ்வழியில் நடைபெற்றுக் காட்டியுள்ளது. ஆனால் பழைய மடல்களைக் காக்கும் பணியை வணிக நிறுவனத்திடம் விடலாகாது. அது நூலகங்களின் பணி. ஒரு நூலகத்தின் பணியுமன்று, வெவ்வேறு நாடுகளில் குறைந்தது மூன்று நான்கு நூலகங்களின் பணி.