சோளகர் தொட்டியும் மனித உரிமைக் கல்வியும்

மனித உரிமை இன்று பல்கலைக்கழகப் பாடங்களுள் ஒன்றாகிவிட்டது. சட்டவியலார் அதனைச் சட்டப் பிரிவுகளின் வழியே ஆராய்கின்றனர். மானிடவியலார் இனக்குழுக்களின் வழக்காறுகளைத் தொகுக்கின்றனர். வரலாற்றாசிரியர் ஆவணங்களைத் தேடுகின்றனர். அரசியலறிஞர் அதிகாரத்தின் இயல்பை ஆய்கின்றனர். ஒவ்வொரு துறையும் தனக்குரிய கேள்விகளை மட்டுமே எழுப்புகையில், துன்புற்ற மனிதரின் வாழ்வை முழுமையாகக் காண்பது எவ்வாறு? கொங்கு நாட்டு மலைகளைக் களமாகக் கொண்ட புதினம் ஒன்று இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. ச. பாலமுருகன் எழுதி, 2004ஆம் ஆண்டு வெளிவந்த 'சோளகர் தொட்டி'யே அது.

ஆசிரியர் வழக்கறிஞர், ஈரோடு வட்டாரத்தில் மனித உரிமைப் பணியில் ஈடுபட்டு வருபவர். தொட்டி என்பது மலைவாழ் மக்களின் சிற்றூர். சத்தியமங்கலம், தாளவாடி மலைப்பகுதிகளில் வாழும் பழங்குடியினரே சோளகர். வீரப்பனைத் தேடித் தமிழக, கருநாடக அதிரடிப்படைகள் காடெங்கும் அலைந்த தொண்ணூறுகளில், இவர்கள் இரு தரப்புக்கும் இடையே சிக்கினர். பிடித்துச் செல்லப்பட்டோர் வதைக்கப்பட்டனர், பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர், பலர் தடா சட்டத்தின்கீழ் ஆண்டுக்கணக்கில் மைசூர்ச் சிறையில் வாடினர். இவையனைத்தும் கோவையிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் நடந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

தேசிய மனித உரிமை ஆணையம் இக்கொடுமைகளை விசாரிக்க 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல், பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது. இதன் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் விசாரணை கேட்கும் கேள்விகள் வரையறைக்கு உட்பட்டவை. யார் அடித்தார், எந்நாளில், சான்று உண்டா என்றே அது கேட்கும். சான்று காட்ட இயலாதவரின் துயருக்கு அதன் பட்டியலில் இடமில்லை.

புதினமோ வேறிடத்திலிருந்து தொடங்குகிறது. அதன் முதற்பகுதியில் அதிரடிப்படையின் கொடுமைகள் இல்லை. காடும் வேளாண்மையும், தெய்வமும் திருவிழாவும், உறவும் பூசலும் நிறைந்த தொட்டியின் வாழ்வையே காண்கிறோம். பின்னர் வெளியாரின் கைக்கு நிலம் போகிறது. வனத்துறையின் கெடுபிடி பெருகுகிறது. இரண்டாம் பகுதியில் வதைமுகாம் வரும்போது, அது திடீரென நேர்ந்த விபத்தாக நமக்குத் தோன்றுவதில்லை. நிலத்தை இழந்து, முறையிட இடமின்றி நின்றவரையே வன்முறை எளிதில் பற்றுகிறது என்பது தெளிவாகிறது. மானிடவியலும் பொருளியலும் சட்டமும் தனித்தனியே கூறுவன இங்கு ஒரே குடும்பத்தின் வாழ்வில் ஒன்றுபடுகின்றன. பழங்குடியினருக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. அந்த அநீதியின் முகத்தைப் புதினம் ஈராண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. பிற்பகுதியில் கொடுமைகள் அடுத்தடுத்து வருகையில், முற்பகுதியில் தனித்தன்மையோடு நடமாடிய மாந்தர் துன்பத்தின் சாட்சிகளாக மட்டுமே சுருங்குகின்றனர். காவலரின் உள்ளமும் நமக்குத் திறக்கப்படவில்லை. கட்டளைக்குப் பணிந்து சாதாரண மனிதன் எவ்வாறு வதைப்பவனாக மாறுகிறான் என்பதை அறிவது உரிமைக் கல்விக்கு இன்றியமையாதது. வழக்கறிஞரின் அவசரம் இங்குக் கலைஞரை முந்திவிட்டது என்றே நாம் கருதுகிறோம். எனினும், பேச அஞ்சிய மக்களின் சொல்லைப் பதிவு செய்வதே அன்று முதற்கடமையாக இருந்தது என்பதையும் உணர்கிறோம்.

புதினம் நீதிமன்றச் சான்று ஆகாது. தீர்ப்பும் வாழ்க்கை வரலாறு ஆகாது. ஆகவே இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பேரறிக்கையைப் பயிலும் நம் கல்லூரி மாணவர், அதே வகுப்பில் இப்புதினத்தையும் பயிலட்டும். சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகமாயிற்று. காட்டில் யாருக்கு என்ன உரிமை என்னும் வினா இன்றும் முடிந்துவிடவில்லை. மனித மாண்பைப் போற்றும் நாம், அண்டையில் வாழும் அம்மக்களை ஆய்வுப் பொருளாக மட்டும் காணாமல், அவர்கள் கூறுவதைக் கேட்கவும் கடமைப்பட்டுள்ளோம்.