களரிக்கு எது அளவுகோல்?

தெற்காசிய நாடுகள் சார்க் அமைப்பாகக் கூடியது 1985 டிசம்பரில், டாக்காவில். ஓராண்டுக்கு முன்பே, 1984 செப்டம்பரில், அந்த ஏழு நாட்டு வீரர்களும் முதல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் காத்மாண்டுவில் களம் கண்டுவிட்டார்கள். தடகளம், கால்பந்து, குத்துச்சண்டை, நீச்சல், பளுதூக்கல் என ஐந்தே போட்டிகள். நம் மண்ணில் பிறந்த விளையாட்டு ஒன்றுகூட இல்லை. அந்தக் குறை அடுத்த ஆண்டு டாக்காவில் நடந்த போட்டியில் தீர்ந்தது. ஊருக்கொரு விதியோடு ஆடிய சடுகுடு, கபடியாக அங்கே சேர்ந்தது; 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டிக்கும் போனது.

போர்க்கலையான களரிக்கும் அந்த வழி உண்டா? அதில் ஒரே முறை இல்லையே.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் சி.வி.என். களரிப் பள்ளியை 1956இல் தொடங்கியவர் கோவிந்தன்குட்டி நாயர். மலபாரின் வடக்கன் முறை பழைய திருவிதாங்கூர்த் தலைநகரில் வேர்பிடித்த அதே ஆண்டில்தான், தெக்கன் முறை ஆசான்கள் வாழ்ந்த கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன.

வடக்கன் முறைக்கு, உடலைப் பக்குவப்படுத்தும் மெய்ப்பயிற்றே அடித்தளம். உடல் பக்குவப்பட்ட பிறகுதான் கோல், அதன்பின் வாள், உறுமி போன்ற உலோக ஆயுதங்கள், வெறுங்கை கடைசியில். இந்த வரிசையைத் தாண்ட, கற்பிக்கும் குருக்கள் விடமாட்டார். யானை, சிங்கம், குதிரை வடிவுகளில் இடுப்பு எவ்வளவு தாழ்கிறது, குருக்கள் சொல்லும் வாய்த்தாரிக் கட்டளைக்கு உடல் எப்படி இசைகிறது என்பதில்தான் தேர்ச்சி தெரியும். தெக்கன் முறையோ சுவடு எனும் காலடிப் பயிற்சியில் தொடங்கும். மாணவன் சீக்கிரமே எதிராளியின் முன் நிற்கிறான். வெறுங்கைதான் அவனுக்கு முதல் பாடம். வர்ம அறிவை ஆசான் நம்பிக்கை வந்த பிறகே தருவார். தரையில் வரைந்த களங்களை மிதித்துப் பழகும் மத்திய முறை தனி.

2023 கோவா தேசிய விளையாட்டில் களரி பதக்கப் போட்டியாக இருந்தது. 2025இல் உத்தரகாண்டில் அது காட்சிப் போட்டியாகச் சுருங்கியது பெரிய இழப்பு. பதக்கம் இருந்தால்தான் இளையோர் வருவார்கள். அரசின் ஆதரவும் வரும். ஆனால், உயர்ந்து உதைத்த காலுக்குப் புள்ளி போடலாம். வர்மம் அறிந்தும் அடிக்காமல் நின்ற கைக்கு யார் புள்ளி போடுவது? நடுவர் குழுவில் குருக்களும் ஆசானும் சமமாக அமர வேண்டும். கபடியில் தொடுதலைக் கண்ணால் கண்டு தீர்ப்புச் சொல்லலாம். களரியின் பாதி அடக்கத்தில் இருக்கிறது. அதை அந்தந்த முறையில் வளர்ந்தவரே அறிவார்.

தெற்காசியப் போட்டியைப் பற்றி யோசிக்குமுன், இலங்கையின் மரபுப் போர்க்கலையான அங்கம்போர வீரர்களை அழைத்துக் கிழக்கேகோட்டையிலேயே முதலில் ஒரு சந்திப்பு நடத்தலாம். புள்ளி எதுவும் வேண்டாம். ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்தால் போதும். விதிகளை அதன்பின் எழுதிக்கொள்ளலாம்.