பனி பெய்யாத ஊரின் மாதா

நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. ஓர் ஆலயத்துக்குப் போனால் கோபுரம் எத்தனை அடி, தூண்கள் எத்தனை, கட்டியவர் யார் என்று கணக்குப்பிள்ளையைப் போல் எழுதுவார்கள். அங்கே முழந்தாளிட்டிருந்த கிழவியைப் பற்றி ஒரு வரி இருக்காது. இந்தக் குற்றத்தை நானே செய்திருக்கிறேன். அதனால்தான் துணிந்து சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ரோமாபுரியில் ஸாந்தா மரியா மஜோரே ஆலயத்தைப் பார்த்தேன். ஐந்தாம் நூற்றாண்டுச் சித்திரங்கள், பொன் பூசிய விதானம், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். நாலாம் நூற்றாண்டில், கோடை கொளுத்தும் ஆகஸ்டு மாதத்தில், அந்தக் குன்றின்மேல் பனி பெய்து கோயிலுக்கு இடம் காட்டியதாம். ஆகஸ்டு 5-ந் தேதிதோறும் மேலிருந்து வெண்மலர் இதழ்களைத் தூவி அதை நினைவுகூர்கிறார்கள். ஊர் திரும்பியதும் ஒரு கட்டுரை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள்.

பிறகு ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போக நேர்ந்தது. மாலையில் கடற்கரைப் பக்கம் நடந்தபோது பனிமய மாதா கோயிலுக்குள் நுழைந்தேன். அதே மாதா, திருவிழாவும் அதே ஆகஸ்டு 5! எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு முறையாவது உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

ஊரார் 'தஸ்நேவிஸ் மாதா' என்றும் சொல்லுகிறார்கள். போர்த்துக்கீசிய மொழியில் அதற்குப் 'பனியின்' என்று பொருள். 1535-ஐ அடுத்த சில வருஷங்களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திரள்திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பகைவரை எதிர்க்கப் போர்த்துக்கீசியரின் துணை வேண்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். 1658-ல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள். போர்த்துக்கீசியர் போனார்கள், அவர்கள் சொல் போகவில்லை. இப்போதுள்ள ஆலயம் 1713-ல் எழுந்ததே டச்சுக்காரர் ஆட்சியில்தான். அவர்களோ கத்தோலிக்க மதத்துக்கு வேண்டாதவர்கள்!

தமிழில் பெயரிட்டவர் யாரோ, கெட்டிக்காரர். மலையுச்சியில் உறைவதும் நமக்குப் பனி. மார்கழி விடியலில் தோணியின் பாயை நனைப்பதும் பனிதான். வானிலிருந்து வெண்பனி கொட்டிக் கண்டிராத ஊருக்கு அந்தப் பெயர் அந்நியமாகவே இல்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். 1961 வரை நடந்த முத்துக்குளிப்பில் தம் தகப்பனார் மூழ்கியதாகவும், மாதாவை நினைக்காமல் கடலில் இறங்கியதே இல்லையென்றும் சொன்னார். நானும் என் பெருமையை விட்டுக்கொடுக்காமல் ரோமாபுரிக் கோயிலைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சந்தோஷமாக, "அப்படியா! அங்கேயும் நம்ம மாதாவுக்குக் கோயில் இருக்கா, ஸார்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து என் பழைய கட்டுரையை எடுத்துப் படித்தேன். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் அந்தப் பெரியவர் கேட்ட ஒரு கேள்விக்கு ஈடான வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. ரோமாபுரியிலும் ஒரு கிழவி முழந்தாளிட்டிருந்தாள். அவளைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் நான் தூண்களை எண்ணியிருக்கிறேன்.