ஒப்பாரியும் உளவளத்துணையும்

மலையக நாட்டார் பாடல்களைப் போற்றுவோர், ஒப்பாரி தன்னளவிலேயே ஓர் உளமருத்துவம் என்று கூறி அமைவதுண்டு. அடக்கிவைத்த துயர் பாட்டாக வெளிப்பட மனம் ஆறுகிறது என்பது அவர்தம் கருத்து. அக்கருத்தில் உண்மை உண்டு, முழுமை இல்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுக்கும். இளிவு பிறரால் இகழப்படுதல், இழவு உற்றாரையேனும் உடைமையையேனும் இழத்தல், அசைவு முன்னைய நிலை கெட்டு வருந்துதல், வறுமை பொருளின்மை. ஒப்பாரியின் ஆற்றலை அளக்க இப்பகுப்பு பெரிதும் துணைசெய்யும்.

ஒப்பாரிக்கு வாயில் திறப்பது இழவே. கணவனை இழந்த பெண் அவனுக்காக அழும்போதே தன் வறுமையையும் வாழ்வு தாழ்ந்தமையையும் சேர்த்துப் பாடிவிடுகிறாள். லயத்துக் காம்பராவில் சொல்லவியலாதனவற்றை இழவு வீடு பொறுத்துக்கொள்கிறது. சாவு நிகழாத பிரிவுக்கும் இம்மரபு இடமளித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், பதுளைப் பாதையில் தெமோதரையைக் கடந்து தலைமன்னார் நோக்கிச் சென்றோரை உறவினர் அழுதே வழியனுப்பினர். இந்தியா செல்வோரை ஏற்றிச் சென்ற புகைவண்டி மக்கள் வாயில் ‘ஒப்பாரிக் கோச்சி’ ஆயிற்று.

ஆயின் இளிவு இவ்வாறு பாடப்பெறுவதில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று; ‘கள்ளத்தோணி’ என்ற வசையும் அவர்மேல் வீழ்ந்தது. எஞ்சிய நாடற்றோர் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை பெற வழி பிறந்தது. எனினும் சட்டம் நீக்கிய குறையை மனம் எளிதில் நீக்குவதில்லை. நகரத்தில் தன் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசும் தெமோதரை இளைஞனிடம் பிறர் இகழ்ச்சி தன்னிகழ்ச்சியாக மாறிவிடுகிறது. ஒப்பாரி ஊரறிய எழுவது; நாணமோ மறைவை நாடுவது. எனவே அவன் துயருக்கு அங்கு இடமில்லை.

உளவளத்துணை பயன்படுவது இங்கேதான். அது ஒரு சாவுக்காகக் காத்திருப்பதில்லை. சொல்லப்படுவதை மறைவாகக் காக்கிறது. ஒப்பாரி கேட்போர் உடனழுவர்; வினவமாட்டார். துணையாளரோ, “இந்த இகழ்ச்சி முதலில் யாருடைய வாயிலிருந்து வந்தது?” என வினவுவார். தன் குரலென எண்ணியது பிறர் குரலே எனக் காண்பது, ஒருவன் தன்னை ஏற்றுக்கொள்வதன் தொடக்கமாகும். அவ்வுரையாடல் அவன் பேசும் தமிழிலேயே நிகழ வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. தன்னை ஏற்றல் வேறு. தன் தாழ்நிலையை ஏற்றல் வேறு. கூலியையும் காணியையும் வீட்டையும் எந்த உரையாடலும் தந்துவிடாது. உள்ளதைக் கொண்டு அமைதியடைக என்று தொழிலாளிக்குக் கூறுவது உளவளத்துணையன்று. அது துரைமாரின் பழைய அறிவுரையே. இளிவின் வேர் மனத்தில் மட்டுமன்றிச் சமுதாயத்திலும் உண்டு என்பதை மறவாத துணையே உண்மைத் துணையாகும்.

ஒப்பாரியைப் போற்றுதல் தகும். ஆனால் அப்புகழ்ச்சி, அம்மரபு எட்டாத புண்ணைத் திறனாய்வாளர் கண்ணிலிருந்து மறைத்துவிடலாகாது.